மஃரிப் சங்கு

எங்கள் சுரங்க ஊர் ஐன் ஹம்ராவில் கம்பெனிச் சங்கு காலையில் ஊதும், மதியம் ஊதும், இரவில் ஊதும். அதெல்லாம் வேலைக்கு. இடையில் எப்போதாவது ஊதினால் அது சாவுக்கு. பாஸ்பேட் மலைக்குள் எங்கோ கூரை சரிந்திருக்கும், யாரோ உள்ளே மாட்டியிருப்பான். அந்த நேரத்தில் அடுப்பில் என்ன இருக்கிறது, இடுப்பில் எந்தப் பிள்ளை இருக்கிறது என்று எந்தப் பெண்ணும் பார்ப்பதில்லை. ஓடுவாள். நானும் பல தடவை ஓடியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் புருஷன் லாரூஸி சுரங்க வாசலில் முழுசாக நின்றுகொண்டு, "எதுக்குடி இப்படி வர்றே? தலைத்துணி எங்க?" என்று என்னைத்தான் திட்டியிருக்கிறான்.

அந்தச் சங்கை நோன்பு திறக்க ஊதச் சொன்னால் என்ன என்று ஒரு மனிதருக்குத் தோன்றியது. அவர் ஹாஜி மிஃப்தா, எங்கள் நகராட்சித் தலைவர்.

எங்கள் ஊர் ஒரே ஊர் என்று சொல்வது பேச்சுக்குத்தான். மேல் தெருவில் பூர்வீகக்காரர்கள், ஆடும் ஒலிவத் தோட்டமும் உள்ளவர்கள். ரயில் பாதைக்குக் கீழே திரிபோலிக்காரர்கள். கோவேறு கழுதை லாயத்துக்குப் பின்னால் மொராக்கோக்காரர்கள். மணல்மேட்டோரம் நாங்கள், ஸூஃப் பாலைவனத்திலிருந்து வந்தவர்கள். ஆளுக்கொரு பள்ளிவாசல், செத்தால் புதைக்க ஆளுக்கொரு மையவாடி. குழாயடியில் மட்டும் எல்லோரும் ஒன்று சேர்வோம், சண்டை போட.

ஹாஜி திரிபோலிப் பக்கத்திலிருந்து தம்பி இம்ரானோடு நடந்தே வந்தவர். சுரங்கத்தில் கல் உடைத்தார். ஒருநாள் தம்பியை உள்ளேயிருந்து பலகையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சந்தூக்கைத் தூக்க அவர்கள் தெருவில் அன்றைக்கு ஆள் போதவில்லை, எல்லோரும் வேலையில் இருந்தார்கள். மற்ற தெருக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்களே தவிர ஒருத்தனும் தோள் கொடுக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஊரைச் சபித்திருப்பார்கள். இவரோ அதற்குப் பிறகு எந்தத் தெருவில் யார் செத்தாலும் முதல் தோளாகப் போய் நின்றார். இப்படியே வருஷங்கள் போயின. குழாய் உடைந்தால் ஹாஜி, கூலியில் கை வைத்தால் ஹாஜி, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கவும் ஹாஜி என்று நாலு தெருவும் அவர் வாசலுக்குப் பழகிவிட்டது.

நாடு விடுதலையாகி நகராட்சித் தேர்தல் வந்தது. பெண்களுக்கும் ஓட்டு. ஜெயித்த உறுப்பினர்கள் கூடி ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஹாஜியைத் தலைவராக்கினார்கள். தோற்றவர் மேல் தெரு பெல்காசெம். சுரங்கத்துக்குள் ஒரு நாளும் கால் வைக்காத மனிதர். அவருடைய கடைசி மகன் நாஜி ஆடு மேய்க்க மாட்டேன் என்று சுரங்க வேலைக்குப் போனதிலிருந்து அவனோடு பேச்சுவார்த்தை கிடையாது. காபிக்கடையில் உட்கார்ந்தாரானால் ஒரே பாட்டுத்தான்.

"காகிதத்துல நம்ம ஊர்க்காரன் ஆயிட்டான்யா அந்தத் திரிபோலிக்காரன். மண்ணுல ஆக முடியுமா?"

நான் ஹாஜிக்கு ஓட்டுப் போட்டதற்குக் காரணம் ஒரே ஒரு மாலை. ரமளானில் மதிய ஷிப்ட் ஆட்கள் மலைக்குள்தான் நோன்பு திறக்க வேண்டும். உள்ளே இரவும் பகலும் ஒன்றுதான், கடிகாரம் மேஸ்திரியிடம் மட்டும். தேர்தலுக்கு முந்தின ரமளானில் ஒருநாள் அந்த மேஸ்திரிக்கு விளையாட்டு. "பொழுது சாஞ்சிடுச்சு, குடிங்கடா" என்று சொல்லிவிட்டான். லாரூஸி குடித்தான். வெளியே சூரியன் காய்ந்துகொண்டிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து என் மடியில் தலை வைத்துக் குழந்தைமாதிரி அழுதான். கூரை சரிந்தபோதுகூட அழாதவன். இதற்கு ஒரு வழி செய்கிறேன் என்று தேர்தலில் வாக்குக் கொடுத்தவர் ஹாஜி மட்டும்தான்.

தலைவரானதும் ஹாஜி கம்பெனியின் வெள்ளைக்கார எஞ்சினியர் தெலோர்மை நகராட்சி முற்றத்துக்கு வரவழைத்தார். மதில்மேல் ஏறி நாங்களும் பார்த்தோம். பொழுது சாயும் மஃரிப் நேரத்துக்குச் சங்கு ஊத வேண்டும், அதற்குக் கொஞ்சம் முன்னால் ஆட்களைச் சுரங்க வாசலுக்கு அனுப்ப வேண்டும், வானத்தைப் பார்த்து நோன்பு திறக்கட்டும், அரை மணி நேரம் போதும். இதுதான் ஹாஜி கேட்டது.

தெலோர்ம் எங்கள் பேச்சை அரைகுறையாகப் பேசுவான். "சரி. முதல் நாள் நானே பார்ப்பேன். ஒரு கலாட்டா, ஒரு தாமதம், அன்னிக்கோட முடிஞ்சுது. அப்புறம் என்கிட்ட யாரும் வரக் கூடாது."

கூட்டத்திலிருந்து பெல்காசெம் குரல் வந்தது. "கெட்டுப் போச்சுன்னா நீங்க என்ன செய்வீங்க ஹாஜி?"

"நாற்காலி உங்களுக்கு. நானே தொடச்சுக் குடுக்கறேன்."

"எல்லாரும் கேட்டுக்கங்கப்பா!" என்றார் பெல்காசெம். வாய் காதுவரை போனது.

எஞ்சினியரைச் சம்மதிக்க வைத்ததுகூடப் பெரிதில்லை. நாலு பள்ளிவாசல் இமாம்களையும் ஒரே பாயில் உட்கார வைத்து ஒரே நேரத்துக்கு ஒத்துக்கொள்ள வைத்தாரே, அதுதான் பெரிது. அதுவரை எங்கள் பாங்கு கேட்டு நாங்கள் தண்ணீர் குடித்தால், மொராக்கோக்காரிகள் ஜன்னலில் நின்று, "அவசரத்தைப் பாரு அவசரத்தை" என்பார்கள்.

பிறகு தமுக்கு அடித்து ஊர் முழுக்கச் சொன்னார்கள். அதுவும் போதாதென்று ஹாஜி தன் பெண்சாதி மப்ரூக்காவை அழைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்.

"ஹனிய்யா, நாளைக்கி மஃரிபுக்குச் சங்கு ஊதும். அது நோன்புக்கு. பயந்து ஓடிடாதே. ஓடினா கலாட்டான்னு சொல்லிடுவான் அந்த எஞ்சினியர்."

"நாங்க என்ன செவிடா ஹாஜி? நேத்து தமுக்குக்காரன் சொன்னான், காலைல இமாம் சொன்னாரு, இப்ப நீங்க. மாட்டுக்குச் சொல்லியிருந்தாக்கூடப் புரிஞ்சிருக்கும்," என்றேன்.

"எங்கிட்ட ராத்திரி தூக்கத்துலயும் சொல்றாரும்மா," என்றாள் மப்ரூக்கா.

முதல் நோன்பு. ஷோர்பா கொதித்து மல்லி வாசம் வந்துவிட்டது. பாயில் பேரீச்சம்பழம், மோர், பக்கத்தில் பிள்ளைகள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. கரண்டியால் ஒரு தடவை கிண்டினேன்.

சங்கு ஊதியது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, நான் ரயில் பாதையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்ததுதான். கையில் கரண்டி. எனக்கு முன்னாலும் பின்னாலும் ஊரே ஓடியது. மேல் தெருப் பெண்களின் வெள்ளைப் போர்வைகள் தரையில் புரண்டன. மொராக்கோக்காரிகள் என்னை முந்திக்கொண்டு போனார்கள். இது நோன்புச் சங்கு என்று எங்கள் ஒவ்வொருத்திக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? இத்தனை வருஷமாகப் பழகிய கால் அது, அதற்கு யார் தமுக்கு அடிப்பது?

பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குகிறார்களே என்று திரும்பினேன். அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர் சாட்சாத் ஹாஜி மிஃப்தா.

"ஹாஜி! நீங்க எதுக்கு ஓடறீங்க? நீங்க ஊதச் சொன்ன சங்குதானே!"

"தெரியும்! தெரியும்! நீ எதுக்கு ஓடறே?"

"தெரியல ஹாஜி!"

இரண்டு பேரும் நிற்கவில்லை.

சுரங்க வாசலில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முகமெல்லாம் பாஸ்பேட் தூசி, விரலிடுக்கில் பேரீச்சம்பழம். ஊரே மேட்டில் ஏறி வருவதைப் பார்த்ததும் அத்தனை பேரும் பதறி எழுந்தார்கள்.

"என்ன ஆச்சு? வீடு கீடு எரியுதா? புள்ளைங்க எங்க?" லாரூஸி என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"உனக்கு என்ன ஆச்சு?" என்றேன் நான்.

"எனக்கென்ன? உக்காந்து பழம் திங்கப் போனேன்."

அவன் என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தான். அப்புறம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

ஹாஜி மட்டும் சிரிக்கவில்லை. தம்பி இம்ரானைப் பலகையில் கொண்டுவந்த அதே வாசல். அதன் பக்கத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பெனி ஆபீஸிலிருந்து தெலோர்ம் கடிகாரமும் கையுமாக விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தான். ஹாஜி ஆட்களைப் பார்த்தார். நாற்காலி போவதில் அவருக்கு ஒன்றுமில்லை, எனக்குத் தெரியும். நாளைக்கு இவர்கள் மறுபடி இருட்டில் உட்கார்ந்து குடிக்கப் போகிறார்கள், அதுதான் அவர் முகத்தில் இருந்தது. ஓடாதே என்று படித்துப் படித்துச் சொன்னாரே பாவி மனுஷர்.

அந்த நேரத்தில்தான் கடைசியாக ஒரு ஆள் மேட்டில் ஏறி வந்தார். ஒரு காலில் செருப்பு, மறு கால் வெறுங்கால், விலையுயர்ந்த கம்பளி அங்கி முழுக்கப் புழுதி.

"நாஜி! டேய் நாஜி!"

பெல்காசெம்.

தூசி மூடிய ஆட்களுக்கிடையே ஒரு பையன் எழுந்தான். "வாப்பா?" என்றான், நம்பாமல். அவர் அவன் தலையையும் கையையும் தடவிப் பார்த்தார், சந்தையில் ஆட்டைப் பார்ப்பதுபோல. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் அவன் கன்னத்தில் செல்லமாக ஒன்று வைத்தார்.

அதற்குள் தெலோர்ம் வந்துவிட்டான். "ஹாஜி! இதுக்குப் பேர்தான் ஒழுங்கா? ஊரே வேலை இடத்துல! நான் என்ன சொன்னேன்? கலாட்டா வந்தா..."

ஹாஜி வாயைத் திறந்தார்.

"கலாட்டாவா? யாரு பண்ணினா?" என்று முன்னால் வந்தார் பெல்காசெம். மகனின் கையை இன்னும் விடவில்லை. "இது ஊர் வழக்கம் துரை. நோன்பு திறக்கறப்ப ஆம்பளைங்க எங்க இருக்காங்களோ, குடும்பம் அங்க வரும்."

"வழக்கமா? எப்பலேர்ந்து?"

"இன்னிலேர்ந்து. எங்க தலைவர் உத்தரவு."

எங்க தலைவர். காபிக்கடையில் எத்தனையோ மாலைகள் அந்த வாயிலிருந்து வந்ததையெல்லாம் கேட்டவள் நான். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. ஹாஜி அவரைத் திரும்பிப் பார்த்தார். பெல்காசெம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "என்ன எல்லாரும் நிக்கறீங்க? நேரம் போகுதுல்ல, பிஸ்மி சொல்லி நோன்பத் தொறங்க" என்று அதட்டினார்.

தெலோர்ம் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "அரை மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது."

ஆண்கள் கொண்டுவந்த பழமும் தண்ணீரும்தான் இருந்தன, ஊருக்கே அவைதான். ஒரு பழத்தை மூன்றாகப் பிய்த்துத் தின்றோம். மேல் தெருச் சீமாட்டி ஒருத்தி மொராக்கோக்காரனின் தகரக் குவளையில் வாய் வைத்துக் குடித்தாள். "ஹனிய்யாக்கா, கரண்டி வந்துடுச்சு, ஷோர்பா பின்னால வருதா?" என்று ஒருவன் கேட்க, அதற்கு ஒரு சிரிப்பு. எங்களோடு ஓடி வந்திருந்த இமாம்கள் யார் தொழ வைப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாஜி வயதில் மூத்தவரை முன்னால் தள்ளிவிட்டார். நாலு தெருவும் ஒரே வரிசையில் நின்று தொழுததை அன்றுதான் பார்த்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

தெலோர்ம் சொல்வதற்கு முன்பே ஆண்கள் விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் நேரத்துக்கு உள்ளே போனார்கள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான், ஆபீஸைப் பார்க்க நடந்தான்.

இறங்கும்போது ஹாஜி பெல்காசெமுக்கு ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டே வந்தார். ரயில் பாதையோரம் கிடைத்தது. குனிந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

"நாற்காலியத் தொடச்சுக் குடுக்கறேன்னீங்க," என்றார் பெல்காசெம். "இது போதும். நாற்காலியில நீங்களே இருங்க."

வீட்டுக்கு வந்தால் ஷோர்பா அடிப்பிடித்துக் கரியாகிக் கிடந்தது. கவலைப்படவில்லை.

மறுநாள் அடுப்பை முன்னாலேயே அணைத்தேன். பானையைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். எதிர் வாசலிலும், கீழே திரிபோலித் தெருவிலும், மேல் தெருவிலும் பெண்கள் பானையோடு நின்றார்கள். சங்கு ஊதியது. என் கால் பழையபடியே துள்ளியது, நெஞ்சு பழையபடியே அடித்தது.

ஓடினேன். ஷோர்பா ஆறிவிடக் கூடாதே என்று.