இரண்டு படைவட்டத்துக்காரன்

சவேலி உள்ளே வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு தாள்களை என் மேஜைமேல் ஓங்கி அறைந்தான். மைக்கூடு குதித்தது. அவற்றை நான் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. காலையில் தபால் குதிரைக்காரன் கொண்டுவந்ததும் அவனுக்கு வாசித்துக் காட்டியவனே நான்தான். பேதுரு திருநாளன்று குதிரையோடும் துப்பாக்கியோடும் சோஸ்னோவ்ஸ்க் கோட்டையில் ஆஜராக வேண்டும் என்றது ஒன்று. அதே திருநாளன்று, அதே குதிரையோடும் அதே துப்பாக்கியோடும் லிபோவ் கோட்டையில் ஆஜராக வேண்டும் என்றது மற்றது. முன்னது தெற்கே நான்கு நாள் பயணம். பின்னது மேற்கே ஐந்து நாள்.

“குதிரைய எப்படி வெட்டட்டும் மச்சான்? குறுக்கவா, நெடுக்கவா?”

“என்கிட்ட கத்தி என்னடா ஆகப்போகுது?”

“வேற யார்கிட்ட கத்துறது? எம்பேர ரெண்டு பட்டியல்லயும் எழுதின மகராசன் நீங்கதானே!”

அவன் சொன்னது உண்மை, அதனால்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எங்கள் ஊர் ஆற்றோரத்து மரக்கோட்டை. இருபது வருடம் முழுக்க லிபோவ் படைவட்டத்தில் இருந்தது. தாத்தார் கொள்ளைக்கூட்டம் வந்தால் லிபோவுக்குச் சொல்லியனுப்புவோம், ஆள் கேட்டால் லிபோவுக்கு அனுப்புவோம், திட்டு வாங்கினாலும் லிபோவிடம்தான். மூன்று வருடம் முன்பு மாஸ்கோவில் எவனோ ஒரு புண்ணியவான் வரைபடத்தை விரித்து, ஆற்றுக்குக் கிழக்கே இருப்பதெல்லாம் இனிப் புதிதாக உண்டான சோஸ்னோவ்ஸ்க் படைவட்டம் என்று கோடு போட்டுவிட்டான். மற்ற ஊர்க்காரர்களுக்கு வீடும் நிலமும் கிழக்குக் கரையில்தான். சவேலி ஒருவனுக்கு மட்டும் வீடு இந்தக் கரையில், நிலம் அந்தக் கரையில். விட்டுப்போகாமல் முழுப் பட்டியல் அனுப்பு என்று இரண்டு இடத்திலிருந்தும் உத்தரவு. நான் குமாஸ்தா. விட்டுப்போனால் என் முதுகுத்தோல் உரியும். வீட்டுக்காக அவன் பெயரை ஒன்றில் எழுதினேன், நிலத்துக்காக மற்றதில் எழுதினேன். எழுத்து முத்துமுத்தாக இருந்தது என்று வேறு அன்றைக்குப் பூரித்துப்போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதற்கப்புறம் பதினொரு மனு போட்டாயிற்று. சோஸ்னோவ்ஸ்க் விடுவித்தால் நாங்கள் விடுவிக்கிறோம் என்று லிபோவ் எழுதும். முதலில் லிபோவ் விடுவிக்கட்டும் என்று சோஸ்னோவ்ஸ்க் எழுதும். எங்கள் கோட்டைத் தலைவரிடம் போய் நின்றால், “நீ எழுதினது, நீயே பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு வெந்நீர்க் குளியலுக்குப் போய்விடுவார். போன வருடம் சவேலி சோஸ்னோவ்ஸ்க் போனான். லிபோவில் வரவில்லை என்று குறித்து, ஆள் அனுப்பிப் பிடித்துக்கொண்டுபோய்ப் பதினைந்து சவுக்கடி கொடுத்தார்கள். இந்த வருடமும் வராவிட்டால் நிலம் பறிமுதல். அவனுக்கு ஜாமீன் நிற்கும் பத்துப் பேருக்கும் சவுக்கடி. அந்தப் பத்தில் நானும் ஒருவன், மச்சினனாகப் போய்விட்டானே.

அடியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த நிலத்தை அவனும் அவன் மனைவி உலியானாவும் ஆறு வருடம் ஓக் வேர்களோடு மல்லுக்கட்டித் திருத்தினார்கள். ஒவ்வொரு வேரையும் எரித்து, கிளறி, கயிறு கட்டி இழுத்து எடுத்தார்கள். அங்கேதான் அவளுக்கு ஒரு கரு கலைந்தது. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை.

அன்று மத்தியானம் அவளே வந்தாள். வாசலில் நின்றபடி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“அண்ணே, ஒரு பட்டியல்ல அவரு செத்துட்டாருன்னு எழுதிடுங்க.”

“வாயக் கழுவு தங்கச்சி!”

“கழுவினா மட்டும் ரெண்டு புருஷன் மொளைச்சிருமா? வேற வழி இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.”

வழி எதுவும் இல்லை. பெயரை நீக்க நான்கு காரணம்தான் உண்டு. ஓடிப்போனான் என்று எழுதினால் ஜாமீன்காரர்களுக்கு அடி. தாத்தார்களிடம் சிறைப்பட்டான் என்றால் மூன்று சாட்சி வேண்டும். ஊனமானான் என்றால் ஊனத்தை நேரில் காட்ட வேண்டும். செத்துப்போனான் என்பதற்கு மட்டும் குமாஸ்தாவின் ஒரு வரி போதும். இந்த ராஜ்யத்தில் செத்தவனை மட்டும்தான் நேரில் வரச் சொல்லமாட்டார்கள். லிபோவ் தூரம், லிபோவில்தான் அடித்தார்கள், அதனால் லிபோவுக்கே எழுதினேன். ‘சவேலி, ஜுரத்தில் காலமானான்.’ சவேலி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, குதிரைக்கு லாடம் அடித்துக்கொண்டு சோஸ்னோவ்ஸ்க் கிளம்பினான். எல்லைக்காவலையும் முடித்துக்கொண்டு ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்றான்.

நிலம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று நான் யோசித்தேனா? யோசிக்கவில்லை. சவேலிக்கும் தோன்றவில்லை, உலியானாவுக்கும் தோன்றவில்லை. மூன்று வருடம் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கியதில் மூவருக்குமே மூளை மழுங்கிப்போயிருந்தது.

பதினொரு மனுவுக்கு அசையாத லிபோவ், இந்த ஒரு வரிக்கு இருபத்து நான்கே நாளில் பதில் அனுப்பியது. பதில் நடந்தே வந்தது. நிக்கிஃபோர் என்று பெயர், நாற்பத்தைந்து வயதிருக்கும், தோளில் மூட்டை, மூட்டைமேல் துப்பாக்கி. காலமான சவேலியின் நிலம் நிக்கிஃபோருக்கு வழங்கப்படுகிறது, இனி அந்த நிலத்தின்பேரில் அவன் படைச்சேவை செய்வான், விதவை உலியானாவுக்கு அவன் சோறு போட வேண்டும், அவள் சம்மதித்தால் மணந்துகொள்ளலாம் என்றது உத்தரவு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

ஆற்றைக் கடந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். உலியானா ஒற்றை ஆளாக ரை தானியம் அறுத்துக்கொண்டிருந்தாள். உத்தரவை வாசித்தேன். அவள் நிமிர்ந்து, கருக்கரிவாளோடு என்னிடம் வந்தாள்.

“செத்துட்டாருன்னு எழுதத்தானே சொன்னேன்? பொதைக்கச் சொன்னேனா?”

“தங்கச்சி, நான்...”

“பேசாதீங்க அண்ணே. நீங்க வாயத் தொறந்தாலும் வெனை, பேனாவத் தொட்டாலும் வெனை.” அவள் அவன் பக்கம் திரும்பினாள். “யோவ், என் புருஷன் உசுரோட இருக்காரு. காவலுக்குப் போயிருக்காரு. வந்த வழியே போ.”

நிக்கிஃபோர் தொப்பியைக் கழற்றினான். தலை முழுக்க நரை.

“இருக்கட்டும் தாயி, நல்லா இருக்கட்டும். எனக்கு எங்க கோட்டைய எடம் மாத்தும்போது இருந்த நெலம் போச்சு. ரெண்டு வருஷமா குடுக்கிறோம் குடுக்கிறோம்னு அலைய விட்டாங்க. இப்ப திரும்பிப் போனா நான் ஓடிப்போனவன். எனக்கும் பத்துப் பேரு ஜாமீன் நிக்கிறாங்க, அதுல ஒருத்தன் என் தம்பி.”

அவனைத் திட்டலாம் என்றால் திட்டவும் வாய் வரவில்லை. மேற்கே மேகம் கறுத்திருந்தது. கதிர் முற்றி, தொட்டாலே மணி உதிர்ந்தது. உலியானா வானத்தைப் பார்த்தாள். பிறகு வரப்பில் கிடந்த சவேலியின் அரிவாளை எடுத்து அவன் காலடியில் போட்டாள்.

“சும்மா மரம் மாதிரி நிக்காத. குனி.”

அவன் குனிந்தான். நன்றாகவே அறுத்தான், தாள் குட்டையாக, கதிர் சிந்தாமல். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இரவில் கொட்டகையில் படுத்தான். உலியானா எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியோடு படுத்துக்கொண்டாள். என் மனைவி மூன்று நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ரொட்டியை மட்டும் முன்னால் தள்ளினாள். ‘சவேலி உயிரோடு இருக்கிறான், நான் பொய் எழுதினேன்’ என்று லிபோவுக்கு எழுதினால் நிலம் திரும்பக் கிடைக்கலாம். பொய் எழுதிய குமாஸ்தாவுக்கு ஊர் நடுவில் சவுக்கடி, வேலையும் போகும். போன மாதம் ஒரு நொடியில் ஒருவனைச் சாகடித்த கை, இந்த மூன்று நாளில் பத்துத் தடவை மையில் பேனாவைத் தோய்த்துவிட்டுக் கீழே வைத்தது. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

நான்காம் நாள் காலை சவேலி வந்தான். வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போகாமல் குதிரையை ஆற்றில் இறக்கி நேராக வயலுக்கு வந்தான். நான் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தேன்.

அவன் நிக்கிஃபோரைப் பார்த்தான். அறுத்த பாதி வயலைப் பார்த்தான். கட்டு கட்டிக்கொண்டிருந்த உலியானாவைப் பார்த்தான். அவள் எழுந்து, இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தபடி அப்படியே நின்றாள்.

“மச்சான்,” என்றான் என்னிடம், மெதுவாக. “நான் செத்தாச்சா?”

“லிபோவ்ல மட்டும்டா.”

“இந்த நெலம் எங்க இருக்கு?”

“லிபோவ்ல.”

நிக்கிஃபோர் அரிவாளைத் தாழ்த்தி, “தம்பி, நான் வேணும்னு வரல” என்றான். சவேலி தோளிலிருந்து துப்பாக்கியைக் கழற்றி உலியானாவிடம் கொடுத்தான். அவள் அதைக் கட்டுகளுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்துவிட்டு, தன் கருக்கரிவாளை அவனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கிக்கொண்டு, வயலைச் சுற்றி நடந்து, எதிர்க்கோடிக்குப் போய்க் குனிந்தான்.

நிக்கிஃபோர் என்னைப் பார்த்தான். பிறகு அவனும் குனிந்தான்.

இருவரும் தலை நிமிரவில்லை. உலியானா ஒரு கட்டு அவன் பின்னால் போய்க் கட்டினாள், ஒரு கட்டு இவன் பின்னால் வந்து கட்டினாள். முதல் தூறல் விழுந்தபோது, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வண்டி அகலத்துக்குத்தான் கதிர் மிச்சம் இருந்தது.