தெரிந்தே அனுப்பியவர்

ஏழாம் நம்பர் மலையின் நிழல் மரத்தில் குளவி கூடு கட்டியிருந்ததை முதலில் பார்த்தவர் விஜேந்திரன். தெமோதரைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவர் கங்காணி. அன்றைக்கே ஆபீசுக்குப் போய்த் தோட்டத்து மேனேஜரான துரையிடம் சொன்னார்.

"விட்டா கொழுந்து முத்திரும். ஆளுங்கள இறக்கு" என்றார் துரை.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், விஜேந்திரன் பெண்களை அந்த மலைக்கு அனுப்பினார். கூட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொன்னால் யாரும் இறங்கமாட்டார்கள். பத்து மணி வாக்கில் காற்றடித்துக் கூடு கலைந்தது. எல்லாரும் சிதறி ஓட, பெரியாயி மட்டும் சரிவில் தடுக்கி விழுந்தாள். குளவிகள் அவளை மூடிக்கொண்டன. பதுளை ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது.

மரண விசாரணைக்கு முந்தின நாள் துரை விஜேந்திரனைக் கூப்பிட்டார். "கூடு இருந்தது நமக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் அதுதான் நல்லது."

வீட்டில் மனைவி ஹனாவும் அதையே கெஞ்சினாள். "செத்தவ திரும்பி வரவா போறா? புள்ளைங்கள நெனச்சுப் பாருங்க."

"ஞாயித்துக்கிழமை கோயில்ல பைபிள் வாசிக்கிறவன் நான். பொய் சொல்லிட்டு அந்தப் புத்தகத்தை எப்பிடித் தொடுவேன் ஹனா?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

விசாரணையில் விஜேந்திரன் உள்ளதைச் சொன்னார். கூட்டைப் பார்த்தது, துரையிடம் சொன்னது, தெரிந்தும் பெண்களை அனுப்பியது.

துரை நிதானமாக எழுந்தார். "என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல. இவருக்குத் தெரிஞ்சிருந்தா, இவர்தான் பதில் சொல்லணும்."

கூட்டைப் பற்றிச் சொன்ன அன்று ஆபீசில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இருந்திருக்கவில்லை. சாட்சிக்கு ஆளில்லை. சாயந்தரத்துக்குள் விஜேந்திரனின் வேலை போயிற்று. பொலிசும் வரச்சொல்லியிருந்தது. துரை வழக்கம்போல ஜீப்பில் ஏறிப் போனார்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது வாசலில் பெரியாயியின் புருஷன் மாரிசாமி நின்றிருந்தான்.

"தெரிஞ்சேவா அனுப்புனீங்க, அண்ணே?"

"ஆமாப்பா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ போயிருக்கவே மாட்டா."

விஜேந்திரன் கைகூப்பினார். மாரிசாமி அதைப் பார்க்கவில்லை.

"விதின்னு நெனச்சு மனச தேத்திக்கிட்டிருந்தேன். இப்ப அதுவும் இல்லாமப் பண்ணிட்டீங்க" என்று சொல்லிவிட்டு பஸ்சுக்கு நடந்தான்.

தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. வெலிமடையில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்று ஹனா பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"உண்மைய சொன்னீங்க, சரி. அதனால யாருக்கு என்ன நல்லது நடந்துச்சு?" என்று ஒருமுறை மட்டும் கேட்டாள்.

அவர் பாத்திர மூட்டையைத் தூக்கி வாசலில் வைத்தார். ஆனாலும் பொய் சொல்லியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் வேதம் வாசிக்க அழைத்தார். விஜேந்திரன் தலையசைத்து மறுத்தார். பொய் சொல்லவில்லைதான். ஆனாலும் எழுந்து போக முடியவில்லை. கடைசி வரிசையில் முழங்கால் போட்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் மாரிசாமியின் முகம்தான் வந்து நின்றது. ஆண்டவரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். அவனிடம் எதைச் சொல்லிக் கேட்பது?

ஆராதனை முடிந்து ஆட்கள் அவரைக் கடந்து வெளியே போனார்கள். அவர் எழவில்லை.