காது கிழிந்த மான்

சூளையைத் திறந்து பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் சிவசங்கரியிடமிருந்து போன் வந்தது. நந்தகுமார் கையிலிருந்த வெள்ளைத் தூளைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு எடுத்தான். சிவசங்கரி அவன் மனைவி பூர்ணிமாவின் தங்கை. திட்டக்குடியில் இருந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

“மாமா, ஏற்காட்டுல ஓட்டலு நீங்கதான் பாக்கணும். செலவு உங்களுதுன்னு சொல்லிட்டீங்க இல்ல, அப்ப வேலையும் உங்களுதுதான்.”

“சரி.”

“சனி ஞாயிறு மட்டும். அதுக்கு மேல அவருக்கு லீவு குடுக்க மாட்டாங்களாம். நல்ல கம்பெனியா பாத்துச் சேந்தாரு போங்க.”

“எந்த மாதிரி ஓட்டல் வேணும்?”

“இதென்ன கேள்வி? அக்கா தங்குன பங்களாதான். காபித் தோட்டத்துக்கு நடுவுல இருக்குமே, அது. மான் வர்ற ரூமா கேட்டு வாங்குங்க.”

“சரி,” என்றான். பூர்ணிமா போன இந்த இரண்டு வருடத்தையும் அந்த ஒரு சொல்லை வைத்தே ஓட்டியிருந்தான். போனைப் பையில் போட்ட பிறகுதான், அந்தப் பங்களாவில் தாங்கள் தங்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

கல்யாணமான புதிதில், முன்பதிவு எதுவும் செய்யாமல் ஏற்காட்டுக்கு பஸ் ஏறியவர்கள் அவர்கள். பங்களாவின் கேட்டிலேயே காவலாளி கையை விரித்துவிட்டான். கம்பிகளுக்கு ஊடே தெரிந்த பிரம்பு நாற்காலிகளைப் பூர்ணிமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். ஈரக் கம்பளி நாற்றம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கடையின் தகரக் கூரை. மலையிறங்கும் பஸ்ஸில் அவள், “வூட்டுல கேட்டா பங்களாவுலதான் தங்குனோம், என்ன?” என்றாள்.

வீடு வந்து சேர்வதற்குள் பங்களாவை அவள் கட்டி முடித்துவிட்டாள். படகு மாதிரி ஒரு குளியல் தொட்டி. மணி அடித்தால் காபி. விடிந்ததும் ஜன்னலுக்கு வந்து, கையிலிருந்து பிஸ்கட் வாங்கித் தின்னும் மான். அதற்கு ஒரு காது கிழிந்திருக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். “ஏங்க, வலது காதா, இடது காதா?” என்று நடுவில் அவனையும் சாட்சிக்கு இழுப்பாள். அவன் “இடது” என்பான். அவளுடைய பொய்யில் அவனது பங்கு அந்த ஒரு காதுதான்.

சிவசங்கரி அங்கே போய் இறங்கினால் எல்லாம் தெரிந்துவிடும். பூர்ணிமா பொய் சொன்னாள் என்பார்கள். அவள் இருந்திருந்தால் தானே சிரித்துச் சமாளித்திருப்பாள். இப்போது அவளுக்காகச் சமாளிக்க அவன் ஒருவன்தான் மிச்சம்.

சனிக்கிழமை சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்குப் போனான். ஏற்காட்டில் வேறு இரண்டு நல்ல ஓட்டல்களைப் பார்த்துப் படங்களைப் பிரிண்ட் எடுத்தான். ஒன்றில் உண்மையாகவே தொட்டி இருந்தது. வெளியே வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று பங்களாவுக்குப் போன் போட்டான். ஒரு பெண் எடுத்தாள்.

“உங்க ரூம்ல குளிக்கிற தொட்டி இருக்குங்களா?”

“இல்லைங்க சார். ஷவர்தான்.”

“மான் வருமா?”

“மானா? குரங்கு வரும் சார். இங்க எல்லா ஓட்டலுக்கும் வரும். ஜன்னல மூடி வெச்சுக்கணும். நீங்க முன்னாடி வந்திருக்கீங்களா சார்?”

“கேட் வரைக்கும்.”

அவள் சிரித்தாள். “இந்தத் தடவ உள்ளயே வாங்க சார். மேடத்தையும் கூட்டிட்டு வாங்க.”

“அவங்க இல்லைங்க,” என்று சொல்லி வைத்துவிட்டான்.

இப்படித்தான் சொல்வான். ரேஷன் கார்டில் பூர்ணிமாவின் பெயரை நீக்கப் போனபோதும் இப்படித்தான். “இல்லன்னா? அம்மா வூட்டுக்குப் போயிருக்காங்களா?” என்று கேட்டார் அங்கிருந்தவர். கூட வந்திருந்த சூளைக்காரர் சாமிதுரைதான் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பிரிண்ட் தாள்களோடு திட்டக்குடிக்குப் போனான்.

“வாங்க மாப்ள. என்ன, எலும்பும் தோலுமா வந்து நிக்கறீங்க?” என்றாள் மாமியார் கனகா. “உக்காருங்க, காபி போடறேன். சம்பந்தி வூட்டுலகூட சொல்லி வெச்சிருக்கேன், மான் கையில வாங்கித் திங்கும்னு. அவங்களுக்கு வாயே மூடல.”

சிவசங்கரி தாள்களைத் தரையில் பரப்பினாள்.

“பங்களாவ விட்டுட்டு இதுங்கள எதுக்கு மாமா கொண்டாந்தீங்க?”

பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். “அது கை மாறிடுச்சு. இடிச்சுக் கட்டியிருக்காங்க. தொட்டியெல்லாம் எடுத்துட்டாங்களாம்.”

“தொட்டி போனா போவட்டும். மானு?”

“இல்ல.”

“இல்லன்னா? எங்கனா புடிச்சிட்டுப் போயிட்டாங்களா?”

அதற்கு அவன் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை.

“செத்துப் போச்சு,” என்றான்.

காபியோடு வந்த கனகா நின்றாள். “எது மாப்ள?”

“மான். செத்துப் போச்சு, அத்தை.”

இரண்டாம் முறை சொல்வது கொஞ்சம் எளிதாக இருந்தது.

“காது கிழிஞ்சிருக்குமே, அதா?”

“அதான்.”

“என்ன நோவாம்?”

“காய்ச்சல்.”

கனகா டம்ளரை அவன் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடத்தன. அவன் அவற்றை ஒவ்வொன்றாக இழுத்து அடுக்கினான். சிவசங்கரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொட்டி இருந்த ஓட்டலின் படத்தை எடுத்துக்கொண்டாள்.

“இங்க ஜன்னலுக்கு என்ன மாமா வரும்?”

“குரங்கு.”

“போதும். அவருக்குத் தொணையாச்சு.” சிரித்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “இதையே போட்டுடுங்க.”

அவன் போனை எடுத்து எண்ணை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டிருந்தது.

“பாவம்,” என்றாள் கனகா. “பிஸ்கட்டு காட்டுனா ஓடியாருமாம்.”

“பிஸ்கட்ட விட அதுக்கு டீக்கடைப் பொரைதான் புடிக்கும், அத்தை.”

“பொரையா? அவ பிஸ்கட்டுன்னுதான சொல்லுவா?”

“மொதல்ல பிஸ்கட்டு,” என்றான் நந்தகுமார். “அப்புறம் பொரைக்கு மாறிடுச்சு.”