பச்சைக் காரின் பின்சீட்டு

ஞாயிறு ஆராதனை முடிந்து காபி குடிக்கும் நேரத்தில், தங்கள் கடற்கரை ஊரின் பழைய வண்ணப் படம் ஒன்றைச் சுற்றி எல்லாரும் கூடினார்கள். நூலகச் சுவரில் மாட்டுமுன் அதன் ஆண்டை, பழைய கார்களை நன்கு அறிந்த கிளிஃபர்ட் சொல்ல வேண்டும். தெருவில் நிற்பவற்றில் மிகப் புதிய கார் எந்த ஆண்டோ, படமும் அந்த ஆண்டு என்பது அவர் கணக்கு.

படத்தில் மிட்டாய்க்கடை முன் நின்ற பச்சை பிளிமத் காரை லொரெட்டா தொட்டாள். "இது எங்க வண்டி. ஐம்பத்தஞ்சுல, கல்யாணமான கையோட இந்த ஊருக்கு வந்தோம். அந்தப் பயணத்துக்கு எங்கிட்ட ஒரு படம்கூட இல்ல."

"என்னய்யா கிளிஃபர்ட், ஐம்பத்தஞ்சுதானே? உம்ம கணக்கைச் சொல்லும்!" என்று சீண்டினார் பக்கத்தில் நின்ற டுவேன்.

கிளிஃபர்டின் கண் படத்தின் தெருக்கோடியில் நின்றிருந்தது. அங்கே முன்பக்கம் நாலு விளக்கோடு ஒரு செவ்ரலே. அது ஐம்பத்தெட்டில்தான் வந்த வண்டி; படம் அவள் கல்யாணப் பயணத்தில் எடுத்ததாக இருக்க முடியாது. பொய் சொல்லவும் மனமில்லை, அவள் முகத்தை வாடவிடவும் மனமில்லை. உள்ளுக்குள் ஜெபித்தபடி பூதக்கண்ணாடியைப் பச்சைக் காரின் மேல் வைத்தார்.

"அதுக்கப்புறமும் வந்தீங்களாம்மா?"

"வருஷா வருஷம். இங்கேயே குடிவர்றதுக்கு முன்னாடி கடைசியா ஐம்பத்தெட்டுல, கைக்குழந்தையோட."

"அப்போ இந்தப் பின்சீட்டைப் பாருங்க. ஒரு கூடை தெரியுது. படம் ஐம்பத்தெட்டுதாம்மா."

லொரெட்டா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "எம் பொண்ணு கரோலைப் படுக்கவெச்ச கூடை. நான் கட்டின ரிப்பன்கூட இருக்கு."

பிறகு, கூடையிலிருந்து கண்ணெடுக்காமலே கேட்டாள்: "கரோலுக்கும் ஒரு பிரதி போட்டுத் தருவீங்களா?"