யாருமா இடுப்பால் அடித்த பந்து

தலைவர் மாயபோ சாகக் கிடந்த அன்று, யாருமா என்ற பெண் இடுப்பால் அடித்த பந்து மேலே போனது, திரும்பி வரவில்லை. போரிக்கேன் தீவுக்குக் கடல் தாண்டி வெள்ளையர் யாரும் வந்திராத காலம் அது. அந்தப் பருவத்தில் மரவள்ளி நன்றாக விளைந்திருந்தது, ஆற்றில் மீன்தான் கொஞ்சம் குறைவு. பந்து பிசினும் வேரும் சேர்த்து உருட்டியது, நல்ல கனம். ஆட்டக்களத்தைச் சுற்றி நட்ட கற்களைத் தாண்டி, பனைகளையும் தாண்டி, ஒரு பருந்து வழக்கமாக வட்டமிடும் இடத்தில் போய் நின்றுகொண்டது. பருந்து வேறு இடம் பார்த்துக்கொண்டது.

யாருமா, தலைவர் வீட்டு நிலத்தில் மண் கூட்டிக் கிழங்கு நடும் குடியில் பிறந்தவள். கை படாமல் இடுப்பால் பந்தடிக்கும் அந்த ஆட்டத்தில் எதிரே ஆடியவர்கள் மேல்குடிப் பெண்கள். களத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்து உயிரோடு இருக்கும்வரை ஊரில் மேல் கீழ் கிடையாது, யாரும் யாருக்கும் ஆள் இல்லை. வேலைக்காரி எஜமானியை இடித்துத் தள்ளலாம், “நகருடி, கிழங்கு மூட்டை!” என்று ஏசலாம். பந்து தரையில் செத்ததும் பழையபடி தலை குனிய வேண்டும். ஒரு பந்து சாக எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று நினைத்துத்தான் முன்னோர் இப்படித் தாராளமாக இருந்திருக்க வேண்டும்.

அன்று யாருமாவுக்கு ஆட்டத்தில் மனமே இல்லை. அவள் தங்கை தைகானா தலைவரின் கடைசி மனைவி, அவருக்கு மிகவும் பிரியமானவள். தலைவர் இறந்தால் பிரியமான மனைவி உயிரோடு கூடவே குழிக்குள் போக வேண்டும்; ரொட்டியும் தண்ணீரும் வைத்து மூடிவிடுவார்கள். இருவருக்கும் அகலமாகக் குழி வெட்டியாகிவிட்டது. சாகுமுன் ஓர் ஆட்டம் பார்க்க ஆசைப்பட்ட தலைவரைக் களத்தோரம் கிடத்தியிருந்தார்கள். தைகானா பக்கத்தில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்த கணத்தில் பந்து வந்தது. யாருமா வயிற்றில் இருந்த துக்கத்தையெல்லாம் திரட்டி அடித்தாள்.

மாலையில் தலைவர் இறந்தார். அவருடைய அக்காள் மகன் குவானிரோதான் அடுத்த தலைவன். அவன் தன்னைவிட இளையவளான தைகானாவிடம் மரியாதையாகவே சொன்னான்:

“வாங்க அத்த, நேரமாச்சு.”

யாருமா குறுக்கே வந்தாள். “எங்க வர்றது? மேல பாரு. பந்து இன்னும் சாகல. இப்ப அவ யாருக்கும் பொண்டாட்டி இல்ல, நீயும் தலைவன் இல்ல.”

“வாய் ரொம்ப நீளுது.”

“ஆட்டத்துல நீளலாம்ல?”

குவானிரோ பூசாரியைப் பார்த்தான். பூசாரி வானத்தைப் பார்த்தார். வழக்கம் வழக்கம்தான் என்றார். தலைவரைத் தனியாகப் புதைத்தார்கள். குழியில் தைகானாவுக்கென்று வெட்டிய பாதி திறந்தே கிடந்தது.

அம்பு விட்டுப் பார்த்தார்கள். அம்புகள் திரும்பி வந்தன, பந்து வரவில்லை. அடுத்த மழைக்குள் குவானிரோ தன் கிழங்கைத் தானே நட வேண்டியதாயிற்று. வரிசை ஒரே கோணல், ஊரே சிரித்தது. தலைவரின் செதுக்கிய ஆசனத்தில் ஓர் உடும்பு வெயில் காய்ந்தது. தைகானா ஒரு மீன்காரனைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் பெற்றாள். பிள்ளைகள் பந்தை நிலாவைப் போலப் பழகிக்கொண்டார்கள், அது இல்லாத வானம் அவர்களுக்குத் தெரியாது.

மழைக்கு மழை பந்து கொஞ்சம் இறங்குவதை யாருமா கவனித்தாள், யாரிடமும் சொல்லவில்லை. அது விழுந்தால் தைகானா மறுபடியும் மாயபோவின் மனைவி. குழியும் தயாராக இருக்கிறது. தலை நரைத்த பிறகும் அவள் விடியும்போது முதலில் வானத்தைத்தான் பார்த்தாள்.

பந்து கீழே வந்த அன்று அவள் ஆற்றில் இருந்தாள். கிழங்கு நிலத்தில் இருந்தவர்களின் கூச்சல் கேட்டு ஓடி வந்தபோது பந்து பனை உயரத்தில் இருந்தது. களத்தில் குவானிரோ மட்டும், ஆசனத்துக்குப் பக்கத்தில், மண்வெட்டும் கழியோடு நின்றான். அவளால் அங்கே போய்ச் சேர முடியாது. அவன் சும்மா நின்றாலே போதும், எல்லாம் அவனுக்குத் திரும்பிவிடும். இத்தனை வருடம் வாழ்ந்தது வீண் என்று அவளுக்குத் தோன்றியது.

குவானிரோ பந்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கழியைக் கீழே போட்டுவிட்டு, ஒரு முழங்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி அடித்தான். பந்து பருந்தின் இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

“ஐயோ, இடுப்பு போச்சே!”

“கோணலா அடிச்சிட்ட,” என்றாள் யாருமா, அழுதுகொண்டே.

“என் வரிசையும் கோணல்தான். போ, அந்தக் குழிய மூடச் சொல்லு.”

“நீயே மூடு. ஆட்டம் நடக்குதுல்ல?”

அவன் கழியைத் தேடி எடுத்துக்கொண்டு போனான். குழி இருந்த இடத்தில் இப்போது கிழங்கு நன்றாக வருகிறது. பந்து இறங்கினால், அப்போது கீழே யார் இருக்கிறார்களோ அவர்கள் அடிக்கிறார்கள்.