எஃப் பன்னிரண்டு

பிரிஜாவுக்குக் கண் தெரியாது. நாகர்கோவிலில் அவள் நிரல் எழுதும் சின்ன அலுவலகத்தில், திரையில் இருப்பதைக் கணினி வாசிக்க, இயர்போனில் கேட்டு வேலை செய்வாள். தொல்லை ஒன்றுதான். ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பு, நிரலில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடினால், அந்தப் பெயர் வருகிற இடமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றாகக் கேட்டு முடிக்க மதியமாகிவிடும். இல்லையென்றால் பக்கத்து நாற்காலி ஜிஷாவைக் கேட்க வேண்டும். ஜிஷா ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. பிரிஜாவுக்குத்தான் கேட்டுக் கேட்டு வாய் கூசியது.

சனிக்கிழமை அலுவலகத்தில் ஆள் குறைவு. இருவருமாக நிரல் எழுதும் எடிட்டரைச் சரிசெய்ய உட்கார்ந்தார்கள். நிரலைப் படித்துப் புரிந்துகொண்டு, மீதிச் சொல்லை எடுத்துக் கொடுக்கும் துணை மென்பொருளை நிறுவினார்கள். பிரிஜா ஓர் எழுத்தைத் தட்டினாள். உடனே இருபது சொற்கள் காதில் கொட்டின.

"ஐயோ, மண்டைக்காட்டுக் கோயில் கொடைக்கு மைக்செட்டு கெட்டுன மாதிரி கெடக்கு! நான் கேட்டா மட்டும் சொல்லட்டும்."

அமைப்பை மாற்றினார்கள். இப்போது கன்ட்ரோலும் ஸ்பேசும் சேர்த்து அழுத்தினால்தான் அது வாய் திறந்தது. அடுத்து எஃப் பன்னிரண்டு விசை. அழுத்தினால் ஃபங்ஷன் எழுதப்பட்ட இடத்துக்கே தாவ வேண்டும். அழுத்தினாள். 'கிடைக்கவில்லை' என்றது. மறுபடியும் அதே பதில்.

"அழிச்சிட்டு முதல்லேருந்து போடுவோமாட்டி?" என்றாள் ஜிஷா.

"நில்லு மக்கா. நீ எதத் தொறந்து வச்சிருக்க?"

"இந்த ஒரு ஃபைலத்தான்."

"ஒரு வீட்ட மட்டும் காட்டிட்டு ஊருல உள்ளவங்களையெல்லாம் கேட்டா அது எங்க போவும்? மொத்த ஃபோல்டரத் தொற."

ஜிஷா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ஃபோல்டர் திறந்தது. பிரிஜா விசையை அழுத்தினாள். இயர்போனில் வேறொரு கோப்பின் பெயரும் வரி எண்ணும் கேட்டன. தேடிய ஃபங்ஷன் அங்கேதான் இருந்தது. ஆல்ட்டும் இடது அம்பும் அழுத்தப் பழைய இடத்துக்கே திரும்பினாள். மறுபடி போனாள், அங்கிருந்து இன்னொன்றுக்கு, அதற்குள்ளிருந்து வேறொன்றுக்கு. யாரையும் கேட்கவில்லை.

"ஏட்டி, கேட்டியா! நான் தனியா போயிட்டு வாறேன்!" என்று இயர்போனைக் கழற்றாமலே கத்தினாள். முன்மேசை ஜாஸ்பர் பதறித் திரும்பிப் பார்த்தான்.

வியாழக்கிழமையிலிருந்து அவளை அலைக்கழித்த பிழை மதியத்துக்குள் அகப்பட்டது. யாரோ ஒரு ஃபங்ஷனில் தொகையின் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்களை வெட்டிவிட்டிருந்தார்கள். ஜாஸ்பர் மூன்று பேருக்கும் டீயும் வாழைப்பழத்தில் சுட்ட பழம்பொரியும் வாங்கி வந்தான். பழம்பொரியை மட்டும் எடுத்துக் கடித்தாள் பிரிஜா. டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் அதற்குள் வேறொரு கோப்புக்குப் போயிருந்தாள்.