படுத்துப் பார்த்த வீடு

புரோக்கர் கதவைத் திறந்துவிட்டதும் மருமகள் கூடத்தையும் பார்க்கவில்லை, சமையலறையையும் பார்க்கவில்லை. நேராகப் பெரிய படுக்கையறைக்குப் போய், கையோடு கொண்டுவந்த போர்வையை வெறுந்தரையில் விரித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாமியாருக்கு மானமே போயிற்று. இதுவரை பார்த்த வீடுகளிலெல்லாம் இதே கூத்துதான். எல்லோரும் தண்ணீர் வருமா, சுவர் ஊறுமா என்று கேட்பார்கள். இவள் படுத்துப் பார்ப்பாள். மருத்துவமனையில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். பகலில்தான் தூக்கம். அதைச் சொல்லியே நல்ல நல்ல வீடுகளையெல்லாம் தட்டிக் கழித்திருந்தாள். மாமியாருக்கும் நிபந்தனைகள் உண்டு. ஆனால் அவை நியாயமானவை என்பதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. சமையலறைக்கு ஜன்னல் வேண்டும், சாமான் போட்டு வைக்க அறை வேண்டும். மாடிப்படி கூடவே கூடாது. இந்த வீட்டில் எல்லாமே பொருந்தியிருந்தன. சமையலறைக்குப் பின்னாலிருந்த அறையைப் பார்த்ததுமே பாத்திரப் பெட்டிகளை மனசுக்குள் அடுக்கியும் முடித்துவிட்டாள்.

மருமகள் எழுந்து வந்தாள். "வெளிச்சம் கண்ணைக் குத்துது. தெருச் சத்தம் தலைமாட்டுலயே கேக்குது. சரிப்படாது."

"எல்லாரும் வெளிச்சத்துக்கு அலையறாங்க, நீ வேண்டாங்கறே. தூங்கறதுக்காம்மா வீடு வாங்கறோம்?"

"ஆமா அத்தை. நான் தூங்கத்தான் வாங்கறேன்." குரலில் சண்டையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. "போன மாசம் ஒருத்தருக்கு ஊசி போடப் போய் வேற மருந்தை எடுத்துட்டேன். கூட இருந்தவ பார்த்துத் தடுத்தா. எல்லாம் தூக்கமில்லாமதான். இதுல மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

மகன் ஜன்னல் கம்பியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமலிருக்க அவன் கண்டுபிடித்த வழி அது.

மருமகள் போர்வையோடு பின்னறைக்குள் நுழைந்தாள்.

"அது சாமான் ரூமு! நான் இடம் பார்த்து வெச்சாச்சு!"

"அஞ்சே நிமிஷம் அத்தை." கதவு சாத்திக்கொண்டது.

வெகுநேரமாகியும் அவள் வெளியே வரவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு மாமியார் கதவைத் தள்ளினாள். உள்ளே இருட்டு. மருமகள் ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்து, குறட்டையே விட்டுக்கொண்டிருந்தாள். இப்போதிருக்கும் வாடகை வீட்டில் அவள் இப்படித் தூங்கி மாமியார் பார்த்ததில்லை. அங்கே எப்போதும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டுதான். மிக்சியை ஓட்டியது யார், டிவியை அலறவிட்டது யார் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெற்ற மகளாக இருந்தால் இப்படி விட்டிருப்போமா என்று மாமியாருக்குத் தோன்றியது.

"ஓனர் காத்துக்கிட்டிருக்காரு, முடிவு என்னன்னு சொன்னா..." என்று கூடத்திலிருந்து புரோக்கர் இழுத்தார். மனைவியை எழுப்ப மகன் குனிந்தான். மாமியார் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"தொட்டே, தெரியும் சேதி" என்றாள் அடிக்குரலில். "ஓனர் காத்துக்கிட்டிருக்கட்டும்."

கதவை ஓசைப்படாமல் சாத்தி, அதற்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அந்த நேரம் பார்த்துப் புரோக்கரின் செல்போன் அலறியது. மாமியார் பார்த்த பார்வையில் அவர் போனை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு, குனிந்தபடியே தெருவுக்கு ஓடினார்.